துண்டு



பூவரசங்குளத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தாய் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்து, 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் உடுத்த உடுப்போடு வவுனியாவுக்கு வந்து சேர்ந்தவர். அவருக்குச் சீனி வருத்தம். மாதந்தோறும் கிளினிக் போய் மருந்தெடுக்க வேண்டியவர் மூன்று மாதமாகப் போகவில்லை. காலிலே ஆறாத புண். ஏனம்மா போகவில்லை என்று கேட்டேன்.

"போனா ஏசுறாங்க சேர். துண்டக் காட்டினா, 'தோட்டத்து ஆளா, அங்கால நில்லு'ங்கிறாங்க. நமக்குப் பின்னாடி வந்தவங்கள 'வாங்கோ'ங்கிறாங்க" என்றார்.

எந்த வைத்தியசாலை என்பது இங்கே வேண்டாம். நான் தமிழ் படிப்பிக்கிறவன். 'நில்' என்பதற்கும் 'வாங்கோ' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஒருமை என்றும் மரியாதைப் பன்மை என்றும் கரும்பலகையில் எழுதிக்காட்டி நகர்ந்துவிடுவேன். அந்த வேறுபாடு ஒரு தாயின் காலிலே புண்ணாக இருக்கும் என்று நான் எண்ணியதில்லை.

அவர் சொன்ன இன்னொரு சொல்லும் என்னைத் தடுத்து நிறுத்தியது. துண்டு. இன்று அது நோயாளியின் முறைச் சீட்டு. ஆனால் அவருடைய முன்னோரின் வாழ்க்கையில் அச்சொல்லுக்கு வேறு கனம் இருந்தது.

பூவரசங்குளத்திலிருந்து மன்னார் வீதியிற் போனால் பறயனாலங்குளத்தில் மதவாச்சி – தலைமன்னார் வீதியைச் சந்திக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வந்த பழைய வழி அந்தப் பக்கத்தால்தான் போனது. திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், சேலம் எனப் பல பகுதிகளிலும் பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் நொந்த மக்களைக் கங்காணிமார் கூட்டிவந்தனர். தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து காடு வழியே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை தாண்டி மாத்தளைவரை கால்நடையாகப் போனார்கள். குடிக்க நல்ல தண்ணீரில்லை, ஒதுங்க இடமில்லை. வாந்திபேதியும் காய்ச்சலும் வயிற்றோட்டமும் கூட நடந்தன. விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தனர். இறந்தோர் தொகை எத்தனை என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. பெருந்தொகை என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

இந்த மரணங்களுக்கு அக்கால ஆட்சியும் பத்திரிகைகளும் காரணம் தேடின. 'கூலிகள் நோயைக் கொண்டுவருகிறார்கள்' என்ற விளக்கமே பெரிதும் எடுபட்டது. வழியின் கொடுமை, பட்டினி, ஆஸ்பத்திரி இல்லாமை ஆகியன பின்னுக்குப் போயின. பாதிக்கப்பட்டவனே குற்றவாளியாக்கப்பட்டான். இந்தத் தலைகீழ்க் கணக்கே பின்வந்த நூறு ஆண்டுகளின் சுகாதாரக் கொள்கைக்கு அடித்தளம் என்பது என் எண்ணம்.

1872இல் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகள் மருத்துவப் பிரிவுகளாக வகுக்கப்பட்டன. வைத்திய அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். நல்ல காரியந்தான். ஆயினும் செலவு யார் தலையில் என்ற சண்டையே அரசுக்கும் துரைமாருக்கும் இடையில் நெடுங்காலம் நடந்தது. மருந்து மனிதனுக்குரிய உரிமையாக வரவில்லை. தோட்டத்தின் உழைப்புச் சக்தியைக் காக்கும் செலவாகவே வந்தது. ஏரைக் காக்க மாட்டுக்கு வைக்கோல் போடுவது போல.

துண்டின் கதையும் இதே காலத்ததுதான். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பும் தொழிலாளியின் கடனைச் செலுத்தினால் அவனை விடுவிப்பதாகப் பழைய துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். சீட்டோடு கடனும் கூடவே போனது. போகப் போகப் பெருத்தது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அந்தத் துண்டே அவனுடைய முகவரி.

அதற்குள் இன்னொரு துண்டும் வந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வரும் தொழிலாளரின் கழுத்திலே போகவேண்டிய தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லையைக் கட்டிவிட்டார்கள். வழிச் செலவைத் தோட்டத்திடம் அறவிடுவதற்கு அது வசதி. பெயர் தேவைப்படவில்லை. 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை திறந்தபின் மண்டபம் முகாமே வாயிலாயிற்று. அங்கே நாட்கணக்கில் தடுத்து வைத்து, அம்மைப்பால் குத்தி, உடலைச் சோதித்து அனுப்பினர். தொற்றுநோய் தடுக்கப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தோட்டத்து லயத்திலே காத்திருந்த நோய்களுக்கு எந்தத் தடுப்பு முகாமும் இருக்கவில்லை.

கொழுக்கிப்புழு நல்ல உதாரணம். மனித மலத்தால் அசுத்தமான மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, குடலிலிருந்து இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. 1910களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களிற் பெரிய ஒழிப்பு இயக்கத்தை நடத்தியது. புழு மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் மலசலகூடம் கட்டப் பணம் செலவிடத் தோட்டங்கள் தயங்கின. அதே மண், அதே வெறுங்கால். புழு மீண்டும் ஏறியது. பழி மட்டும் 'சுத்தமில்லாத கூலி' மீது விழுந்தது.

இதே புழு அக்காலத்தில் சன் பிரான்சிஸ்கோவுக்கு எதிரேயுள்ள ஏஞ்சல் தீவில் வேறொரு வேலை செய்தது. அங்கே வந்திறங்கிய சீனரையும் இந்தியரையும் திருப்பியனுப்ப அது ஒரு சாட்டாயிற்று. தடுத்து வைக்கப்பட்ட சீனர் மரச்சுவர்களிலே கவிதைகளைச் செதுக்கிவிட்டுப் போனார்கள். நம்மவருக்குச் சுவர் கிடைக்கவில்லை. வாய்மொழிப் பாடல்கள் இருந்தன. அவற்றைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளைக்கு நாம் கடமைப்பட்டவர்கள். தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் உடலும் நோயும் படும் பாட்டைப் புதுமைப்பித்தன் 1935இலேயே 'துன்பக்கேணி'யில் எழுதினார்.

1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. மீதி 150,000 பேரின் கதி 1974வரை தள்ளிப்போடப்பட்டது. வாக்கு இல்லாதவனுக்கு ஆஸ்பத்திரி கேட்டுக் குரல் கொடுக்க எந்தப் பிரதிநிதி வருவான்? 1973, 1974 உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன.

அந்தப் பசியும் 1958, 1977 கலவரங்களும் அவர்களை வன்னிக்கு விரட்டின. குளிர் மலையில் வாழ்ந்தவர்கள் மலேரியாக் காட்டிலே குடிசை போட்டார்கள். இங்கே நம்மவர் என்ன செய்தோம்? காடு வெட்டவும் களை பிடுங்கவும் கூலிக்கு வைத்துக்கொண்டோம். 'வடக்கத்தியான்', 'தோட்டக்காட்டான்' என்று பெயரும் வைத்தோம். துரையின் பாஷை நமக்கு நன்றாக வந்தது.

விதிவிலக்கானவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்தில் வைத்தியராயிருந்து வவுனியாவுக்குத் திரும்பிய இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் 1970களின் பிற்பகுதியிற் காந்தீயம் இயக்கத்தை நடத்தினர். இடம்பெயர்ந்த மலையகக் குடும்பங்களை நிலத்தில் அமர்த்தினர். பாலர் பாடசாலை வைத்தனர். பிள்ளைகளின் போஷாக்கைக் கவனித்தனர். நிலமும் பாலும் எழுத்தும் மருந்தோடு சேர்ந்தே வரவேண்டும் என்று அறிந்த இயக்கம் அது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். யூலையில் வெலிக்கடைச் சிறையிலே இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு கென்ற், டொலர் பண்ணைகளிலிருந்து மலையகக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

பிறகு நம்முடைய முறையும் வந்தது. 1990இல் போருக்கு அஞ்சிக் கடல் கடந்தோரில் என் அம்மம்மாவும் ஒருவர். அவரை வரிசையில் நிறுத்திய இடம் அதே மண்டபம் முகாம். பத்து வயதில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அவர் முணுமுணுத்தது இன்னும் கேட்கிறது: "எங்களையும் தோட்டக்காட்டார் மாதிரியெல்லே நிப்பாட்டி வைச்சிருக்கிறாங்கள்." பட்ட அவமானத்தை விட, யாரைப் போல ஆக்கப்பட்டோம் என்பதே அவருக்குப் பெரிதாக வலித்தது. 2009இலும் எங்களுக்கு அருகே செட்டிகுளம் மெனிக்பாமில் இலட்சக்கணக்கானோர் முட்கம்பிக்குள் வரிசையில் நின்றனர். கொப்பளிப்பானும் செங்கமாரியும் பரவின. அப்போது எவரும் 'இவர்களின் பழக்கம் சரியில்லை' என்று நம்மைச் சொல்லியிருந்தால் எவ்வளவு கொதித்திருப்போம்!

1988, 2003 சட்டங்களோடு நாடற்ற நிலை பெரும்பாலும் தீர்ந்தது. உடம்பின் கணக்கு தீரவில்லை. 2016ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு பேர். தோட்டத்துறையில் முப்பத்திரண்டு பேர். நாட்டின் ஏனைய மக்களுக்கு அரச வைத்தியசாலை அருகே வந்தது. தோட்டத்து மக்கள் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கருணையிலேயே விடப்பட்டனர். அந்தப் பிரிவினை பிள்ளைகளின் எலும்பிலே எழுதப்பட்டிருக்கிறது.

சட்டங்களை மாற்ற அரசு வேண்டும். விகுதியை மாற்ற எந்தக் கட்டளைச் சட்டமும் வேண்டாம்.

அடுத்த கிளினிக் நாளில் அந்தத் தாயோடு நானும் போனேன். என்னை அடையாளம் கண்டவுடன், "வாங்கோ சேர், அம்மாவும் வாங்கோ, இருங்கோ" என்றார்கள். புண்ணுக்கு மருந்து கட்டினார்கள். திரும்பும் வழியில் அவர் மகிழ்ச்சியாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். எனக்குத்தான் பேச்சு வரவில்லை. அந்த 'வாங்கோ' எனக்காகச் சொல்லப்பட்டது. ஒரு காலத்தில் துரையின் துண்டு. இப்போது ஒரு வாத்தியாரின் முகம். இன்னொருவருடைய அடையாளத்தில்தான் அவர் இன்னமும் உள்ளே போக முடிகிறது.

நான் கூடப் போகாத மாதத்திலும் அவருக்கு அந்த 'வாங்கோ' கிடைக்க வேண்டும், நேயர்களே.