நாடியைக் கட்டி உயிரைக் காத்தல்

கட்டுகஸ்தோட்டையைக் கடந்து வரும் மகாவலி பொல்கொல்லையில் அணையால் மறிக்கப்படுகிறது. 1976ஆம் ஆண்டு முதல் அந்நீரில் ஒரு பகுதி சுரங்கவழியே உக்குவளைக்குச் சென்று சுது கங்கையில் இறங்குகிறது. அதிற் பங்கொன்று அம்பன் கங்கையோடு கூடிக் கீழ்நிலத்தில் மகாவலியையே மீண்டும் அடைகிறது. பெருவழி மறிக்கப்படினும் கிளைவழியால் நீர் சென்று சேரும் இவ்வியல்பு மனித உடலுக்கும் உண்டு. சத்திரசிகிச்சையாளர் அதனைப் பயன்கொண்ட வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

நாடியின் சுவர் பழுதுற்றுக் குருதி திரண்டு புடைத்தலை நாடிப் புடைப்பு என்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் முழங்காலின் பின்னே அது தோன்றினால், காலைத் துணித்தலே பெரும்பாலும் வழியாயிருந்தது. நோயுற்ற இடத்தருகே நாடியைக் கட்டினால், நலிந்த சுவர் கட்டைத் தாங்காது கிழியும். ஆதலின் 1785 டிசம்பரில் லண்டனில் ஜோன் ஹண்டர் என்பார், ஒரு வண்டியோட்டியின் தொடையில், நலமுள்ள பகுதியிலே நாடியைக் கட்டினார். கிளை நாடிகள் குருதியைக் கொண்டு சென்றன; கால் பிழைத்தது.

1853இல் எடின்பரோ வைத்தியர் அலெக்சாண்டர் வுட் நோவு தணிக்கக் கையாண்ட ஊசி, பிற்காலத்தில் போதைக்கும் கருவியாயிற்று. கைநாளங்கள் தழும்பேறி மறைந்தபின் தொடையிடுக்கில் ஊசி ஏற்றுவோர், நாளத்தைத் தேடி அருகிலுள்ள நாடியைத் துளைத்துவிடுவதுண்டு. கிருமிகள் சுவரை அழிக்க, துடிக்கும் கட்டி எழுகிறது. அதனை வெறும் சீழ்க்கட்டியென்று கீறினால் குருதி பீறிட்டு உயிர் போகக்கூடும்.

1902இல் அலெக்சிஸ் கரல் நாடிகளைத் தைத்திணைக்கும் முறையை வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசும் பெற்றார். ஆயின் சீழ்பிடித்த இடத்திற் பொருத்திய புதுக்குழாயையும் கிருமிகள் பற்றும்; தையல் விட்டுக் குருதி மீண்டும் பெருகும். ஆதலால் சத்திரசிகிச்சையாளர் பலர் ஹண்டரின் நெறிக்கே மீண்டனர். அழுகிய பகுதியை அகற்றி, நலமுள்ள இடத்தில் நாடியைக் கட்டி, புண்ணைத் திறந்தே விடுகின்றனர். பெரும்பாலும் கால் பிழைக்கிறது. தொடை நாடி இரண்டாகக் கிளைக்குமிடத்தில் மூன்று முனைகளையும் கட்ட நேரின் மட்டும் ஆபத்து மிகுதி. கால் குளிர்ந்து வெளிறினால், சீழ் தீண்டாத வேறு வழியாற் குருதியைக் கொண்டு செல்ல முயல்வர். முதலில் உயிர், பின்னர் கால் என்பதே முறை.

சென்னையில் 1990களில் ஊசிவழிப் போதை பரவியது. 1980களில் ஹெரோயின் பரவிய இலங்கையிலோ அதனைப் புகையாக உட்கொள்வோரே மிகுதி. ஊசி ஏற்றுவோர் சிலரே. அச்சிலரும் பழிக்கு அஞ்சிக் கட்டியை மறைப்பின் காலம் கடந்துவிடும். அவர்களை இகழாது விரைவில் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுதல் சுற்றத்தார் கடனாகும்.