பகைவர் நாட்டிய கல்

போரில் வீழ்ந்த வீரனின் பெயரும் புகழும் பொறித்துக் கல் நாட்டி வழிபடுதல் தமிழரின் தொன்மையான மரபாகும். தொல்காப்பியம் அதனைக் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு துறைகளாக வகுத்துரைக்கின்றது. இம்மரபோடு ஒப்பிட்டு நோக்குமிடத்து, வன்னி பெருநிலப்பரப்பில் ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் நாட்டப்பெற்ற கல் விந்தையானதொன்றாகும். அது ஒரு வீரனின் பெயரைத் தாங்கியது, ஆயின் அதனை நாட்டியோர் அவனுடைய மக்களல்லர், அவனை வென்றவர்களே.

அவ்வீரன் வன்னியின் இறுதி மன்னனெனப் போற்றப்படும் பண்டாரவன்னியன். யாழ்ப்பாணத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடைப்பட்ட காட்டு நிலத்தை ஆண்ட வன்னியர், ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாக அளித்தும், வாய்ப்பு நேர்ந்துழி மறுத்தும் தம் தனித்தன்மையைப் பேணி வந்தனர். 1782இல் ஒல்லாந்தர் வன்னியைத் தம் நேரடி ஆட்சிக்குட்படுத்தினர். 1795இல் முல்லைத்தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. எனினும் காட்டின் உட்பகுதிகளில் வன்னியரின் செல்வாக்கு முற்றாக அற்றுவிடவில்லை.

1803 சூனில் கண்டி நகரில் ஆங்கிலப் படை அழிவுற்றது. அதனால் எழுந்த சூழ்நிலையைப் பயன்படுத்திய பண்டாரவன்னியன், கண்டியரின் துணையுடன் அவ்வாண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான். கோட்டையைக் காத்து நின்ற கப்டன் வொன் ட்றிபேர்க் தன் படையுடன் கடல்வழியே யாழ்ப்பாணம் சென்றான். ஆங்கிலேயர் வாளாவிருக்கவில்லை. மன்னார், திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் படைகள் புறப்பட்டன. ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் தோல்வியுற்றான். அவ்விடத்தில் நாட்டப்பெற்ற கல் ட்றிபேர்க் அவனை வென்ற செய்தியையும் அந்நாளையும் ஆங்கிலத்தில் கூறிற்று.

மக்கள் வழக்கில் நிலவும் கதையோ வேறு வகையினது. பண்டாரவன்னியனின் தங்கை நல்லநாச்சியை விரும்பி இழிவடைந்த காக்கைவன்னியன், பழிதீர்க்கும் பொருட்டு அவனைக் காட்டிக் கொடுத்தான் என்றும், கற்சிலைமடுக் களத்திலேயே அவன் வீரமரணமெய்தினான் என்றும் அக்கதை கூறும். முல்லைமணியின் நாடகமும், தமிழகத்தில் மு. கருணாநிதி எழுதிய நாவலும் பண்டாரவன்னியனின் புகழைப் பரப்பின.

கல்லிலே இறப்புப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அது கூறியது தோல்வியை மட்டுமே. 1803க்குப் பின்னரும் அவன் உயிர்வாழ்ந்து எதிர்ப்பைத் தொடர்ந்தான் என்றும், 1811ஆம் ஆண்டளவிலேயே மாண்டான் என்றும் ஆய்வாளர் பலர் கருதுவர். கண்டியரசு 1815 வரை வீழ்ந்திலது. வன்னியின் தென்னெல்லை அதனோடு பொருந்தியிருந்தது. ஆகவே தோற்ற படைத்தலைவன் ஒதுங்கி நின்று மீண்டும் தாக்குவதற்கு அக்காடு இடமளித்தது எனக் கொள்வது பொருத்தமுடையதே.

அவ்வாறாயின் மக்கள் ஏன் அவனைக் கற்சிலைமடுவில் இறக்கச் செய்தனர்? விடை நடுகல் மரபிலேயே உளது எனலாம். தமிழ் மனத்துக்குப் போர்க்களத்தில் நிற்கும் கல் இறந்த வீரனின் கல்லே. பகைவன் தன் வெற்றிச் சின்னமாக நாட்டியதை மக்கள் தம் வீரனின் நடுகல்லாகப் படித்தனர். அதனாலேயே அதனைத் தமதாக்கிக் கொண்டனர். ஒரு மக்கட்கூட்டம் தன் தோல்வியை மதிப்புடன் நினைவிற் கொள்ளும் வழி இது. ஆயினும் இதில் ஓர் இழப்பும் உண்டு. அவனை 1803இல் வீரசுவர்க்கம் அனுப்பிய கதை, தோற்ற பின்னும் பணியாதிருந்த ஏறத்தாழ எட்டு ஆண்டுகளை அவனிடமிருந்து பறித்துவிட்டது. ஒருநாட் போரில் மடிவதினும், துணையும் கோட்டையுமின்றிக் காட்டிலே ஆண்டுக்கணக்காக நிலைத்திருத்தல் எளிதன்று.

போர் முடிந்தபின், 2010இல் அக்கல் சிதைக்கப்பட்டது. கல் சிதைந்தும் நினைவு சிதையவில்லை. கோட்டை வீழ்ந்த ஓகஸ்ட் 25ஐக் கொண்டாடுவோரும், ஒக்டோபர் 31ஐ நினைவுகூர்வோரும் இன்றும் உளர். எந்நாள் உரியது என்னும் வாதத்தினும், அவ்விரு நாள்களுக்கும் அப்பாலுள்ள அந்த எட்டு ஆண்டுகளைத் தேடுதலே வரலாற்று மாணவரின் கடனாகும். மக்கள் கதையைப் பொய்யெனத் தள்ளுதலும், ஆவணத்தைப் பகைவனதென ஒதுக்குதலும் அத்தேடலுக்கு உதவா. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போதே பண்டாரவன்னியன் முழு மனிதனாக நம்முன் எழுவான்.