பிளாங்க் போட்ட நிபந்தனை

காமர்ஸ் படிப்பவனுக்கு வெப்பக் கதிர்வீச்சு எதற்கு என்கிறீர்களா? காடாம்புலியூர்க்காரன் நான், முந்திரி வறுக்கும் அடுப்பின் அனல் எட்ட நின்றாலும் தெரியும். அந்த அனலுக்கு 1900-இல் கணக்கு எழுதியவர் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க். அதற்கு மேல் வெப்பம் தாவாது என்றே பலரும் எண்ணினார்கள். ஆனால் அவரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: இடைவெளி, கதிரின் அலைநீளத்தைவிட மிகப் பெரிதாக இருக்க வேண்டும். நெருங்கினால்? பரப்பை ஒட்டியே அடங்கிவிடும் அலைகளும் எதிர்ப்பக்கம் தாவும். 1971-இல் போல்டரும் வான் ஹோவும் இதைக் கணக்கிட்டார்கள். 2009-இல் ஷெங் ஷென், அரவிந்த் நாராயணசுவாமி, காங் சென் மூவரும் நுண்ணிய கண்ணாடி மணியைக் கண்ணாடித் தகட்டுக்கு 30 நானோமீட்டர் வரை நெருக்கி அளந்தார்கள். பிளாங்க் எல்லையைப்போல் ஆயிரம் மடங்கு! இடைவெளியையும் பொருளையும் மாற்றினால் வெப்பத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒப்பந்தத்தில் பொடி எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பார்கள். இயற்பியலிலும் அப்படித்தான் நண்பர்களே!