வீட்டுக்குள் வணக்கம் உண்டா? – கொழிஞ்சாம்பாறைத் தமிழர் வழக்கை முன்வைத்து

மேடையிலும் கடிதத்திலும் நாம் தாராளமாக வழங்கும் ‘வணக்கம்’ என்ற சொல்லை, ஒரே கூரையின் கீழ் வாழும் கணவனும் மனைவியும் அண்ணனும் தம்பியும் காலையில் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் கேலி என்றே எடுத்துக்கொள்வார்கள். ஏன் இப்படி என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

வணங்குதல் பழைய சொல். ஆனால் அது தெய்வத்துக்கும் பெரியோருக்கும் உரியது. சமமானவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் முகமனாக ‘வணக்கம்’ பரவியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பின்னால் வந்த திராவிட இயக்க மேடைகளும் ‘நமஸ்காரம்’ இருந்த இடத்தில் அதை வைத்தன. அதற்கு முன் கிராமத்தில் கேட்டது ‘கும்பிடறேனுங்க சாமி’. கீழே நின்றவர் சொல்வார், மேலே இருந்தவர் தலையை அசைத்தால் அதிகம். அந்த ஒருவழிப் பாதையை இருவழியாக்கியது ‘வணக்கம்’ செய்த பெரிய காரியம். ஆனால் அது வீதியோடு நின்றுவிட்டது, வீட்டுக்குள் வரவில்லை.

வீட்டுக்குள் இருந்தது வேறு. சித்தூர் தாலுகாவில் உள்ள கொழிஞ்சாம்பாறை, கொச்சி அரசின் மற்ற பகுதிகளிலிருந்து விலகி, பிரிட்டிஷ் மலபாருக்கும் கோவை ஜில்லாவுக்கும் இடையே கிடந்த பகுதி. 1949இல் திருவிதாங்கூர்–கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் கேரளம் என்று ஆட்சி மாறினாலும் வீட்டுப் பேச்சு கொங்குத் தமிழாகவே இருந்தது. ‘எந்திரிச்சாச்சுங்களா?’, ‘சோறு உண்டாச்சா கண்ணு?’, ‘போயிட்டு வர்றனுங்க’. இவற்றில் வாழ்த்து எதுவும் இல்லை, கேள்வியும் செய்தியும்தான். ‘போறேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டால் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆகாது.

1923இல் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியல் அறிஞர் இத்தகைய பேச்சைப் பற்றி எழுதினார். சொல்லின் பொருள் முக்கியமில்லை, உறவைத் தொடுவதே அதன் வேலை என்பது அவர் கருத்து. பாதி சரி. நம் வீட்டில் ‘உண்டாச்சா?’ என்றதற்கு ‘இன்னும் இல்லீங்க’ என்றால் கேட்டவர் தட்டு வைத்தாக வேண்டும். அந்தக் கேள்விக்கு ஒரு கடமை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வெறும் வாய்ப்பழக்கமான முகமனை வெறுத்தவர்கள் மேல்நாட்டிலும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவரைப் பின்பற்றிய குவேக்கர்களும் ‘நல்ல காலை’ சொல்லவும், தொப்பியைக் கழற்றவும் மறுத்தார்கள். பிரபு ஆனாலும் ‘நீ’தான். அடியும் சிறையும் பட்டார்கள். அவர்கள் எல்லோரையும் ‘நீ’ ஆக்கினார்கள் என்றால், கொங்கு வீட்டார் மடியில் தவழும் குழந்தைக்கும் ‘ங்க’ போட்டார்கள். பெருமைப்படலாம்தான், ஆனால் அதே வாய் வயலில் வேலை செய்த வயதானவரை ‘வாடா’ என்றதையும் மறைக்கக் கூடாது.

இன்று நம் பிள்ளைகள் மலையாளத்திலோ இங்கிலீஷிலோ படிக்கிறார்கள். ‘குட்மார்னிங்’ வீட்டுக்குள் வந்துவிட்டது. பதில் தேவைப்படாத சொல், அதனால் சுலபம். நம் ‘சாப்பிட்டாச்சா’வும் டிவியைப் பார்த்தபடியே கேட்கப்படுகிறது என்பது வேறு விஷயம். அதற்காகப் புதுச் சொல் ஒன்றைச் செய்து ஒட்ட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கேள்வி கேட்டு முகமன் சொல்வது நம் பழைய முறை. அதில் நேற்றைய சேதி ஒன்றைச் சேர்த்தால் போதும். ‘முட்டி வலின்னீங்களே அப்பிச்சி, ராத்திரி தூங்கினீங்களா?’, ‘அந்தக் கணக்குப் பரீட்சை என்னாச்சு கண்ணு?’ இப்படிக் கேட்க நேற்று அவர் சொன்னதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும். ‘குட்மார்னிங்’குக்கு அந்தச் சிரமம் இல்லை.

பள்ளியிலும் அலுவலகத்திலும் தமிழுக்கு இடம் குறைந்துபோன எல்லை ஊர்களில், பிள்ளையின் காதில் தமிழ் விழும் நேரம் காலையில் பத்து நிமிஷம், இரவில் ஒரு அரைமணி. அந்த நேரத்தில் ‘ம்’ என்று மட்டும் பதில் வரும்படி கேட்டால், அன்றைக்கு அது பேசிய தமிழ் அவ்வளவுதான்.