சுமை சுமந்தோர் வழிகாட்டிகளான வரலாறு

இமயமலையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் சிகரங்களின் உயரத்தையும், அவற்றின் உச்சியை முதலில் மிதித்தோரின் பெயர்களையுமே குறித்து வைத்தனர். அவ்வுச்சியை நோக்கி உணவையும் கூடாரத்தையும் கயிற்றையும் முதுகில் ஏற்றிச் சென்றவர்கள் யாவர், அவர்கள் எங்கிருந்து வந்தனர், நாளடைவில் வழிகாட்டிகளாக எவ்வாறு உயர்ந்தனர், அவ்வுயர்வுக்கு என்ன விலை கொடுத்தனர் என்னும் வினாக்களுக்கு விடை அந்நூல்களின் ஓரங்களிலேதான் கிடைக்கிறது. உலகின் மிக உயர்ந்த சிகரமாகிய எவரெஸ்டை முன்னிறுத்தி அவ்விடைகளை இங்கே தொகுத்துக் காண்போம்.

அச்சிகரத்தின் உயரம் கணிக்கப்பட்ட வரலாறு சென்னைக்கு அருகே தொடங்குகிறது. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்னும் படை அலுவலர் பரங்கிமலையை அடுத்த சமநிலத்தில் ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்தார். அக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்த நில அளவைப் பணி, அரை நூற்றாண்டுக்குள் இமயத்தின் அடிவாரத்தை எட்டியது. அத்துறையில் கணிதப் பணி புரிந்த வங்காளத்து அறிஞர் ராதாநாத் சிக்தார், பதினைந்தாம் எண்ணிட்ட சிகரமே யாவற்றினும் உயர்ந்தது என்பதை 1852-ஆம் ஆண்டளவில் கணக்கிட்டுக் கண்டார். 1856-இல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி. 2020-இல் நேபாளமும் சீனாவும் கூடி அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அதாவது ஏறத்தாழ 29,032 அடி. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் சமவெளியில் நின்று செய்த கணக்கு முப்பது அடியளவே பிசகியது. திபேத்தியர் சோமோலுங்மா என்றும், நேபாளத்தார் சாகர்மாதா என்றும் வழங்கும் அம்மலைக்கு, நில அளவைத் தலைவராயிருந்து ஓய்வு பெற்ற ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர் 1865-இல் சூட்டப்பெற்றது.

உயரமும் பெயரும் கிடைத்தன. ஏறுவதற்கு வழிகாட்டுவார் இல்லை. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையிலோ வழிகாட்டித் தொழில் அதற்கு முன்பே நிலைபெற்றிருந்தது. பிரான்சு நாட்டின் ஷாமோனியில் 1821-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டிகள் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். அங்கே கயிற்றின் முன்னே நடப்பவர் உள்ளூர் உழவர். கூலி கொடுத்துப் பின்னே நடப்பவர் நகரத்துச் செல்வர். ஆகவே 1883-இல் கிரஹாம் என்னும் ஆங்கிலேயர் மலையேறும் நோக்குடன் இமயத்துக்கு வந்தபோது, சுவிட்சர்லாந்திலிருந்தே வழிகாட்டியை உடன் அழைத்து வந்தார். இமயத்து மக்கள் சுமை தூக்க மட்டுமே தகுந்தவர் என்பது அந்நாளில் பலருடைய எண்ணம்.

அவ்வெண்ணத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் அலெக்சாண்டர் கெல்லாஸ் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு வேதியியல் அறிஞர். 1907 முதல் சிக்கிம் மலைகளுக்குப் பலமுறை வந்த அவர், ஐரோப்பிய வழிகாட்டிகளை விடுத்து ஷெர்ப்பாக்களையே துணையாகக் கொண்டார். 1911-இல் 7,128 மீட்டர் உயரமுள்ள பௌஹுன்ரி என்னும் சிகரத்தின் உச்சியை அவர்களுடன் அடைந்தார். உயரத்தில் காற்று மெலியும்போது மனித உடல் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆராய்ந்து வந்த அவருக்கு, இம்மக்களின் ஆற்றல் பிறர்க்கு முன்னரே புலப்பட்டது.

ஷெர்ப்பா என்னும் சொல்லுக்குக் கிழக்கிலிருந்து வந்தோர் என்பது பொருள். திபேத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் குடிபெயர்ந்து, எவரெஸ்டின் தென்புறத்துச் சோலு, கும்பு என்னும் பள்ளத்தாக்குகளில் குடியேறியவர்கள் அவர்கள். உருளைக்கிழங்கு பயிரிடுதலும், யாக் எருதுகளை வளர்த்தலும், 5,700 மீட்டர் உயரமுள்ள நங்பா கணவாயைக் கடந்து திபேத்துடன் வாணிகம் செய்தலும் அவர்களுடைய வாழ்க்கை. சிகரங்கள் தெய்வங்களின் உறைவிடமாதலால் அவற்றின் உச்சியை மிதிக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஆங்கிலேயர் டார்ஜிலிங்கில் ஊரும் சாலையும் தேயிலைத் தோட்டமும் அமைத்தபோது, பிழைப்பை நாடி ஷெர்ப்பா இளைஞர் பலர் நாட்கணக்காக மலைவழி நடந்து அவ்வூரை அடைந்தனர். நேபாளம் அயல்நாட்டார்க்கு வாயிலை அடைத்திருந்த காலம் அது. எனவே எவரெஸ்டுக்குச் சென்ற குழுக்கள் யாவும் டார்ஜிலிங்கில் ஆட்களைத் திரட்டிக்கொண்டு, சிக்கிம் வழியாகத் திபேத்தில் நுழைந்து, வடபுறத்திலிருந்தே ஏற முயன்றன. பிறந்த ஊருக்கு எதிரே நின்ற மலையில் வேலை செய்வதற்கு, பிழைக்க வந்த ஊரிலிருந்து சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. ஊரை விட்டு வந்து உழைப்போர் இதன் விந்தையை எளிதில் உணர்வர்.

1922-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் பிரிட்டிஷ் குழு ஒன்று எவரெஸ்டின் வடகணவாய்ச் சரிவில் மூன்றாம் முறையாக ஏறிற்று. புதுப்பனி விழுந்து ஓரிரு நாட்களே ஆகியிருந்தன. திடீரெனச் சரிவு பெயர்ந்து, கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்த சுமையாளர்களை வாரிக் கொண்டு போயிற்று. எழுவர் மாண்டனர். எழுவரும் சுமையாளர்களே, பிரிட்டிஷார் ஒருவரும் இறக்கவில்லை.

அன்று அச்சரிவில் இருந்தவர்களுள் ஒருவர் ஹோவர்டு சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர். ஏறுவதென்று முடிவு செய்தவர்கள் பிழைத்திருக்க, அம்முடிவில் பங்கில்லாதவர்கள் மட்டும் மடிந்தது தம் நெஞ்சை அறுத்ததையும், தம்மவருள் ஒருவரேனும் அவர்களுடன் கிடந்திருக்கலாகாதா என்று ஏங்கியதையும் அவர் பின்னாளில் எழுதினார். அப்பயணம் முடிந்தபின் அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தார். அந்நாளில் திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்திலும், 1956-க்குப் பின் தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அடங்கிய நெய்யூரின் மருத்துவமனையைக் கண்டார். நோயாளிகளின் திரளையும் மருத்துவர்களின் பற்றாக்குறையையும் கண்ட அவர், லண்டனில் தமக்கிருந்த வாய்ப்பைத் துறந்து நெய்யூரையே பணியிடமாக்கிக் கொண்டார். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார்.

1924-இல் எவரெஸ்ட் குழு அவரை மீண்டும் அழைத்தது. அவ்வாண்டு பனிப்புயலில் நான்கு சுமையாளர்கள் வடகணவாய்க் கூடாரத்தில் சிக்குண்டனர். உச்சியை அடையும் முயற்சி தளரினும் தளர்க என்று துணிந்து, சாமர்வெல்லும் நார்ட்டனும் மல்லோரியும் மேலேறி நால்வரையும் உயிருடன் மீட்டனர். அக்குழு திரும்புமுன் அடிவாரத்தில் எழுப்பிய கற்குவியலில், மூன்று பயணங்களிலும் மாண்டோரின் பெயர்களைப் பொறித்தனர். மல்லோரியின் பெயர் இருந்த அதே கல்வரிசையில் சுமையாளர்களின் பெயர்களும் இருந்தன. உலகம் நினைவில் வைத்தது முன்னதை மட்டுமே.

உயர்ந்த முகாம்கள்வரை சுமை கொண்டு சென்றவர்களை அக்காலத்துப் பயணங்களில் 'புலி' என்று சிறப்பித்து அழைத்தனர். 1928-இல் தோன்றிய இமாலயக் கழகம் டார்ஜிலிங்கில் சுமையாளர்களின் பதிவேட்டை வைத்துப் பேணியது. பின்னர்ப் புலிச் சின்னமும் வழங்கியது. கூலி என்று மட்டும் எண்ணப்பட்டவர் பெயரும் திறமும் குறிக்கப்பட்ட தொழிலாளரானார். ஆயினும் இடர் குறையவில்லை. 1934-இல் நங்கா பர்வதத்தில் ஜெர்மானியக் குழுவினர் புயலில் சிக்கியபோது மூன்று ஜெர்மானியரும் ஆறு ஷெர்ப்பாக்களும் மாண்டனர். கய்லே என்னும் ஷெர்ப்பா கீழே இறங்கிப் பிழைக்கும் வலிமையுடன் இருந்தும், நடக்கவியலாத தலைவர் மெர்க்கெலை விட்டு அகலாமல் அவரருகிலேயே உயிர் நீத்தார்.

இத்தலைமுறையிலிருந்து எழுந்தவர் டென்சிங் நார்கே. இளமையில் டார்ஜிலிங்குக்கு ஓடிவந்து, 1935-இல் முதன்முதலாக எவரெஸ்டுக்குச் சுமையாளராகச் சென்றார். 1952-இல் சுவிட்சர்லாந்துக் குழு அவரை வேலையாளாக அன்றிக் குழுவின் உறுப்பினராகவே ஏற்றது. ரேமண்ட் லாம்பெர்ட்டுடன் அவர் ஏறத்தாழ 8,600 மீட்டர் உயரம்வரை சென்று திரும்பினார். 1953-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் எட்மண்டு ஹில்லரியுடன் உச்சியில் நின்றார். அதே பயணத்தின் தொடக்கத்தில் காத்மாண்டுவில் பிரிட்டிஷார் தூதரக மாளிகையிலும், ஷெர்ப்பாக்கள் அங்கிருந்த மோட்டார் கொட்டகையிலும் தங்க வைக்கப்பட்டனர் என்பதையும், ஷெர்ப்பாக்கள் அதை எதிர்த்துச் சினம் காட்டினர் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை.

வெற்றிக்குப் பின் டார்ஜிலிங்கில் 1954 நவம்பரில் இமயமலையேற்றப் பயிற்சி நிலையம் நிறுவப்பெற்றது. பண்டித நேரு அதில் பேரார்வம் காட்டினார். நரேந்திர தர் ஜயால் முதல் முதல்வராகவும், டென்சிங் களப்பயிற்சி இயக்குநராகவும் பொறுப்பேற்றனர். மாணவர் அமர, சுமையாளராயிருந்தவர் ஆசிரியராக நின்றார். 1965-இல் கோலியின் தலைமையில் சென்ற இந்தியக் குழுவில் ஒன்பதின்மர் எவரெஸ்டின் உச்சியை அடைந்தனர். அவர்களுள் டென்சிங்கின் உறவினரான நவாங் கோம்பு, 1963-இல் அமெரிக்கக் குழுவுடன் ஒருமுறை ஏறியிருந்தமையால், அச்சிகரத்தில் இருமுறை நின்ற முதல் மனிதரானார்.

இதன்பின் மலைப்பயணம் வேறு வடிவம் பெற்றது. 1964-இல் ஜிம்மி ராபர்ட்ஸ் என்னும் ஓய்வுபெற்ற படை அலுவலர், கட்டணம் பெற்றுக்கொண்டு நடைப்பயணிகளை அழைத்துச் செல்லும் நிறுவனத்தை நேபாளத்தில் தொடங்கினார். சிகரம் ஏறாமல் அடிவாரம்வரை நடந்து வருவதே நோக்கமான பயணியர் பெருகினர். 1985-இல் டிக் பாஸ் என்னும் அமெரிக்கத் தொழிலதிபர், திறமிக்க மலையேறி ஒருவரின் துணையோடு எவரெஸ்டின் உச்சியை அடைந்தார். பொருளும் உறுதியும் இருந்தால் வழிகாட்டியுடன் ஏறலாம் என்னும் எண்ணம் அதன்பின் பரவியது. 1996 மே மாதம் 10, 11-ஆம் நாட்களில் வீசிய புயலில் எண்மர் மாண்டனர். அவர்களுள் கட்டணப் பயணங்களை நடத்திய தலைவர்கள் இருவரும், வடபுறமாக ஏறிய இந்தியக் காவற்படையினர் மூவரும் அடங்குவர்.

கட்டணப் பயணம் நடைபெறும் முறையை அறிந்தால்தான் இடர் யார்மீது விழுகிறது என்பது விளங்கும். தென்புறத்து அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு மேலே கும்புப் பனியாறு செங்குத்தான சரிவில் உடைந்து, வீடளவு பனிக்கட்டிகளாகக் குவிந்து கிடக்கிறது. அக்கட்டிகள் ஓயாமல் நகர்கின்றன. எப்போது சரியும் என்று எவரும் அறியார். பருவத்தின் தொடக்கத்தில் ஷெர்ப்பாத் தொழிலாளர் சிலர் முன்சென்று, பிளவுகளின்மீது ஏணிகளைக் கிடத்திக் கயிறு கட்டி வழியமைக்கின்றனர். பின்னர் உணவு, கூடாரம், பிராணவாயுக் குப்பிகள் ஆகியன மேல்முகாம்களுக்கு ஆட்களின் முதுகிலேயே செல்கின்றன. பயணி அப்பனிச்சரிவைச் சில முறை கடந்தால் போதும். அவருடைய சுமையைத் தூக்குபவர் பன்முறை கடந்தாக வேண்டும். ஒருமுறை கடப்பதன் ஆபத்து இருவர்க்கும் ஒன்றே. கடக்கும் எண்ணிக்கை ஒன்றன்று.

2014 ஏப்ரல் 18-ஆம் நாள் காலையில் அவ்வழியின்மீது பெரும் பனிப்பாளம் ஒன்று விழுந்து 16 பேரைக் கொன்றது. 1922-இல் நேர்ந்தது போலவே, மாண்டவர் அனைவரும் பிறருக்காக உழைத்த மலைத் தொழிலாளர்கள். ஆனால் அதன்பின் நேர்ந்தது வேறு. ஈமச் செலவுக்கென அரசு முதலில் அறிவித்த 40,000 நேபாள ரூபாயை ஏற்க மறுத்து, காப்பீடும் குடும்ப நலனும் கோரி ஷெர்ப்பாக்கள் வேலை செய்ய மறுத்தனர். தென்புறத்துப் பயணங்கள் அப்பருவத்தில் ஏறத்தாழ முற்றிலும் நின்றன. ஷெர்ப்பா இல்லையேல் எவரெஸ்ட் பயணமும் இல்லை என்பதை உலகம் அன்று கண்கூடாகக் கண்டது.

இன்று நேபாளத்தவரே நடத்தும் பயண நிறுவனங்கள் பல உள்ளன. கமி ரீட்டா ஷெர்ப்பா 2025 மே மாதத்தில் 31-ஆம் முறையாக எவரெஸ்டில் ஏறினார். 2021 ஜனவரி 16-ஆம் நாள், குளிர்காலத்தில் அதுவரை எவரும் எட்டாத கே-2 சிகரத்தை நேபாள மலையேறிகள் பதின்மர் அடைந்தனர். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒருவர்க்காக ஒருவர் காத்திருந்து, பதின்மரும் தோளோடு தோள் சேர்ந்து ஒருங்கே கால் வைத்தனர். முதலில் மிதித்தவர் யார் என்னும் வினாவுக்கு அவர்கள் இடம் வைக்கவில்லை.

வடநாட்டிலும் வங்காளத்திலும் வாழும் தமிழர் பலர் விடுமுறைக் காலங்களில் இமயத்தை நாடுகின்றனர். டார்ஜிலிங் சென்றால் 1986-இல் மறைந்த டென்சிங்கின் சிலையைப் பயிற்சி நிலையத்தில் காணலாம். அங்கிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்கு நடந்து சென்றால், வானம் தெளிந்த காலையில் கஞ்சன்ஜங்காவையும் தொலைவில் எவரெஸ்டையும் ஒருங்கே பார்க்கலாம். அவ்வழியில் பதிவு பெற்ற வழிகாட்டியை உடன்கொள்ள வேண்டும் என்பது விதி. அவ்வாறு வருபவரிடம் புறப்படுமுன் அவருடைய பெயரைக் கேட்டறிதல், சுமை தூக்குவோர்க்கு எத்தனை எடை ஏற்றப்படுகிறது என்று பார்த்தல், அவர்களுக்குக் குளிராடையும் காப்பீடும் உண்டா என வினவுதல் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பயணியும் தம் கடமையாகக் கொள்ளலாம். நூறாண்டுக்கு முன் இவை கேட்கப்பட்டிருந்தால், நாம் இன்று வாசிக்கும் மலை வரலாறு இன்னும் நிறைவுடையதாக இருந்திருக்கும்.