தோப்பும் மனையும்: ஆலங்குடிப் பகுதிக் குடும்பத் தோப்புகளின் மரபுரிமை மதிப்பு

புதுக்கோட்டை குறித்த வரலாற்றாய்வுகள் பெரும்பாலும் குடைவரை, கற்றளி, கல்வெட்டு, அரண்மனை ஆகியவற்றையே சான்றுகளாகக் கொள்கின்றன. வல்லத்திராக்கோட்டை, வடகாடு, கீரமங்கலம் முதலிய ஊர்களில் குடும்பங்கள் மனையை ஒட்டி வளர்த்த பலா, மா, தென்னைத் தோப்புகளும் வரலாற்றுச் சான்றுகளே என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது.

தொண்டைமான் ஆட்சியில் நிலத்தின் பெரும்பகுதி படை, கோயில், ஊர்ப் பணிகளுக்கு இனாமாக வழங்கப்பட்டிருந்தது. 1888ஆம் ஆண்டின் இனாம் தீர்வு, அவற்றுள் பலவற்றைப் பணிக்கடமையிலிருந்து விடுவித்து, வரி செலுத்தும் உடைமைகளாக்கியது. பலா காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். அதன் பலனோ தலைமுறைகளைக் கடந்து நீளும். அதனை நடுதல் உரிமை நிலைக்கும் என்னும் நம்பிக்கையின் வெளிப்பாடு. ஆகவே மரத்தின் அகவை, கிணற்றின் அமைவிடம், பாகப்பிரிவினை எல்லை ஆகியவற்றை நில ஆவணங்களோடு ஒப்பிட்டால் குடியுரிமை வரலாறு புலப்படும்.

2018 நவம்பர் 16இல் வீசிய கஜா புயல் இச்சான்றுகளைப் பேரளவில் அழித்தது. வீழ்ந்த தென்னை ஒன்றுக்கு, அகற்றும் செலவு 500 ரூபாய் உட்பட, 1,100 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அக்கணக்கு மரத்தின் பொருளியல் இழப்பை மட்டுமே அளந்தது. மனையும் தோப்பும் சேர்ந்த அமைப்பின் இழப்பு அதில் அடங்கவில்லை.

உலக மரபுக்குழு 1992இலேயே பண்பாட்டு நிலத்தோற்றத்தைத் தனி மரபு வகையாக ஏற்றது. அப்பார்வையில், கட்டடத்தை மட்டும் காப்பது போதாது. எஞ்சிய தோப்புகளைப் புல வரைபடம், பாகப்பத்திரம், முதியோரின் வாய்மொழி ஆகியவற்றோடு பதிவுசெய்வது ஆய்வாளர்தம் உடனடிப் பணியாகும்.