சுயாட்சி

சுயாட்சி (பெயர்ச்சொல்): தன் காரியங்களைத் தானே ஆண்டுகொள்ளும் உரிமை. 'ஸ்வ' என்னும் வடசொல்லடியாகப் பிறந்த 'சுய' என்பதும், காண் என்பது காட்சியானாற்போல ஆள் என்னும் வினை 'சி' விகுதி பெற்றுத் திரிந்த 'ஆட்சி' என்பதும் கூடிய கலப்புத் தொடர்.

1801-இல் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்ற தாமஸ் ஜெபர்சன், மத்திய அதிகாரம் எல்லைக்குட்பட்டதாயும் ராஜ்யங்களின் உரிமை குன்றாததாயும் இருத்தல் வேண்டுமென வற்புறுத்திய கொள்கைக்கு நெருங்கிய தமிழ் வழக்கு 'மாநில சுயாட்சி'. மத்திய-மாநில உறவுகளை ஆராய 1969-இல் பி.வி. இராஜமன்னார் தலைமையில் அமைந்த குழு 1971-இல் அளித்த அறிக்கையும், மாநில சுயாட்சி கோரி 1974-இல் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானமும் இச்சொல்லுக்கு அரசியற் கனம் தந்தன. ஆயினும் எஞ்சிய அதிகாரம் அமெரிக்காவில் ராஜ்யங்களுக்கு உரியது; இந்தியாவில் அரசியல் சாசனத்தின் 248-ஆம் ஷரத்தின்படி பாராளுமன்றத்துக்கு உரியது.

பிரயோகம்: அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 2-ஆம் இனம் போலீஸ். தேரி மணல் சூழ்ந்த சாத்தான்குளத்தில், 2020 ஜூன் மாதம் போலீசார் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் காவலில் மாண்டபோது, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அக்காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைத்தது. மாநில அரசு வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையான சி.பி.ஐ.க்கு மாற்றியது. நீதிமன்ற ஆணையிருந்தாலன்றி, மாநிலத்தின் இசைவில்லாமல் அத்துறை இங்கே புலன் விசாரிக்க இயலாதென்பது சுயாட்சியின் ஒரு கூறு. ஆள்வது மத்தியாயினும் மாநிலமாயினும், பிரஜையின் உயிருக்குமுன் அவ்வதிகாரம் எல்லையுடையதென்பது அதனினும் மூத்த தர்மம். இரண்டையும் ஒருங்கே உணர்த்தும்போதே இச்சொல் நிறைபொருள் எய்தும்.